ஆறு பிள்ளைகள், பத்து வாரம், ஓர் ஆங்கிலப் போட்டி

வாசகர் கடிதம்:

"சேர், நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் இரண்டு வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அடுத்த தவணையில் கல்வி வலய மட்டத்தில் ஆங்கில இலக்கணமும் வாசித்து விளங்குதலும் சேர்ந்த போட்டி ஒன்று நடக்கிறது. தரம் 8, 9 இலிருந்து ஆறு பிள்ளைகளைத் தெரிவு செய்திருக்கிறேன். கையில் பத்து வாரம். தடித்த இலக்கணப் புத்தகம் ஒன்றை முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். விதியைக் கேட்டால் ஒப்புவிக்கிறார்கள், எழுதச் சொன்னால் அதே பிழை. பந்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் ஒரு முழு வரியை அப்படியே பார்த்து எழுதி வைக்கிறார்கள். புத்தகத்தை முடிப்பதா, பழைய வினாத்தாள்களைச் செய்விப்பதா? ஆங்கில வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று அதிபர் சொல்கிறார், அதுவும் சரியா என்று தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆறு பேரோடு மட்டும் மல்லுக்கட்டுவதும் மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது."

அன்புள்ள டீச்சர்,

அந்தத் தடித்த புத்தகத்தை இப்போதைக்கு அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். எறிய வேண்டாம், சந்தேகம் வரும்போது உங்களுக்குத் தேவைப்படும். பிள்ளைகளுக்குத் தேவையில்லை. பெயர்ச்சொல் வகைகளில் தொடங்கி வாக்கிய வகைகளில் முடியும் புத்தகம் பத்து வாரத்தில் முடியாது. முடிந்தாலும் முதல் வாரம் படித்தது பத்தாவது வாரம் தலையில் இருக்காது.

நானும் அந்த வழியில் போய் விழுந்தவன்தான். படிப்பிக்க வந்த புதிதில், இப்படி ஒரு போட்டிக்கு மூன்று பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். போவதற்கு முன் ஆங்கில மரபுத்தொடர் எண்பதைப் பாடமாக்க வைத்தேன். பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறது என்பார்களே, அந்த மாதிரி. வினாத்தாளில் எண்பதில் ஒன்றுகூட வரவில்லை. பாடமாக்கியது வீணாகக் கூடாது என்று நினைத்த ஒரு பையன், வரட்சியைப் பற்றிய பந்திக்கு எழுதிய விடையில் பூனையையும் நாயையும் கொட்ட வைத்துவிட்டு வந்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கையில் இருந்தது அது, அதைக் கொண்டுபோய் வைத்தான். பிழை விடுகிற பிள்ளைகள் எல்லாருமே செய்வது இதுதான். இலக்கணத்தில் தங்கள் தமிழைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பந்தியில் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால் பத்து வாரம் தாராளம்.

தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. வலயத்தில் ஆங்கிலத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகருக்கு ஒரு போன் போடுங்கள். எவ்வளவு நேரம், எத்தனை பந்தி, விடை முழு வாக்கியத்தில் இருக்க வேண்டுமா, எழுத்துப் பிழைக்குப் புள்ளி வெட்டுவார்களா, இரண்டு தரத்துக்கும் ஒரே வினாத்தாளா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அந்த நாற்காலியில் சில வருடம் இருந்தவன். டவுன் பாடசாலைகளிலிருந்து முதல் வாரமே கேட்டுவிடுவார்கள். தோட்டப் பாடசாலைகளிலிருந்துதான் போட்டி முடிந்த பிறகு கேட்பார்கள்.

சரி, திங்கட்கிழமை வகுப்புக்கு வருவோம். ஆறு பேருக்கும், முடிந்தால் முழு வகுப்புக்கும், அரைப் பக்கம் எழுதக் கொடுங்கள். நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன நடந்தது, அவ்வளவுதான் தலைப்பு. வாங்கியதும் சிவப்புப் பேனையை எடுக்காதீர்கள். ஒரு கடதாசியில் கோடு போட்டு, எந்த வகைப் பிழை எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பிழை நூறு இருந்தாலும் வகை ஏழெட்டைத் தாண்டாது. பதுளைப் பக்கமாகட்டும், டிக்கோயாப் பக்கமாகட்டும், நான் ஏறி இறங்கிய பாடசாலைகளில் அந்த ஏழெட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். ஏனென்றால் எல்லாம் வீட்டில் பேசும் தமிழிலிருந்து வருபவை.

வினைச்சொல்லின் வாலை எடுத்துக்கொள்ளுங்கள். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று தமிழில் ஆளுக்கொரு வால். இத்தனையையும் பிழையில்லாமல் பேசுகிற பிள்ளை ஆங்கிலத்தில் இருக்கிற ஒரேயொரு வாலை, அந்த 'எஸ்'ஸை, விட்டுவிடுகிறது. ஐ, யூ, வீ, தே எல்லாவற்றுக்கும் 'கோ' மொட்டையாக இருப்பதைப் பார்த்து, இந்த மொழியில் வாலே கிடையாது என்று அதன் மனம் முடிவு கட்டிவிட்டது. அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: ஆங்கிலத்தில் ஒரே ஒரு வால்தான், ஹீ, ஷீ, இட் மூன்றுக்கு மட்டும், நிகழ்காலத்தில் மட்டும். அப்புறம் அந்த வால் தாவும் என்பதையும் காட்டுங்கள். 'ஷீ கோஸ்' என்பது கேள்வியாகும்போது வால் 'டூ'வுக்குத் தாவி 'டஸ் ஷீ கோ' ஆகிறது. இறந்தகாலமும் இப்படித்தான் தாவும். 'ஷீ வென்ட்', ஆனால் 'ஷீ டிட் நொட் கோ'. 'டிட் நொட் வென்ட்' என்று எழுதிய பிள்ளையிடம் விதியைச் சொல்லத் தேவையில்லை. "இதில் எத்தனை வால்?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே ஒன்றை வெட்டும்.

வாலைப் போலவே தலையும் ஒரு தொல்லை. தமிழ் வாக்கியம் எழுவாய் இல்லாமலே நடக்கும். 'நேற்று வரவில்லை' என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்துக்குத் தலை கட்டாயம். சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஒரு பொம்மைத் தலையாவது வைக்க வேண்டும். அதனால்தான் 'இட் இஸ் ரெய்னிங்'. நம் பிள்ளைகள் மழையையே தலையாக வைத்து 'ரெய்ன் இஸ் ரெய்னிங்' என்று எழுதுவார்கள். யார் டீச்சர் அந்த 'இட்' என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைக்கு உங்கள் வகுப்பு நன்றாகப் போகிறது என்று அர்த்தம். யாருமில்லை என்று சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் மஸ்கெலியாவில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை, ஜன்னலைத் திறந்தால் போதும்.

'எ', 'அன்', 'தி' மூன்றும் தமிழில் இல்லாதவை. 'ஒரு லொறி வந்தது. லொறி வளைவில் கவிழ்ந்தது.' இரண்டாவது லொறிக்கு முன்னால் நாம் ஒன்றும் போடுவதில்லை. ஆங்கிலம் அங்கே 'தி' கேட்கும், உனக்கும் எனக்கும் தெரிந்த அதே லொறி என்று காட்ட. இதற்கு நான் செய்தது, 'அந்த' என்று தமிழில் சொல்லிப் பார்க்க வைத்தது. 'அந்த லொறி' என்று சொன்னாலும் பொருள் மாறவில்லையா, பெரும்பாலும் 'தி'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் பாதிப் பிழை போய்விடும். 'அன்' விஷயத்தில் எழுத்தைப் பார்க்காமல் காதால் கேட்கச் சொல்லுங்கள். மணித்தியாலத்தைக் குறிக்கும் சொல் 'எச்' இல் தொடங்கினாலும் உயிரொலி கேட்கிறது, அதனால் 'அன் அவர்'. 'யுனிவர்சிட்டி' 'யு' இல் தொடங்கினாலும் 'ய' ஒலி கேட்கிறது, அதனால் 'எ யுனிவர்சிட்டி'. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இரண்டிலும் ஒரு தனி ஆசை.

வேற்றுமை உருபு இன்னொரு சங்கடம். தமிழில் ஹட்டனில், மேசையில், வாசலில் எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் அது மூன்றாக உடைகிறது: ஊருக்குள் 'இன்', மேசை மேல் 'ஒன்', வாசலடியில் 'அட்'. நேரத்திலும் அப்படித்தான். மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்', நாளுக்கு 'ஒன்', மணிக்கு 'அட்'. பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்குகிற மாதிரி. இதை நான் ஒரு படிக்கட்டு போலக் கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். அதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்காதீர்கள். மிச்சம் வாசிக்க வாசிக்கத்தான் வரும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லுதல். போட்டிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில்தான் புள்ளி இழக்கிறார்கள். காரணம், நம்முடைய 'என்று' என்ற சொல். 'நாளைக்கு வருவேன் என்றான்.' வந்தவன் சொன்னதை அப்படியே தூக்கி வைத்து 'என்று' என ஓர் ஆணி அடித்துவிடுகிறோம். 'வருவேன்' என்பது 'வருவேன்' ஆகவே இருக்கிறது. 'நாளை' மாறவில்லை. ஆங்கிலத்தில் மூன்றையும் நகர்த்த வேண்டும். 'நான்' என்பது 'அவன்' ஆகிறது, 'வில்' என்பது 'வுட்' ஆகிறது, 'நாளை' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆகிறது. ஏன் என்று பிள்ளைகளுக்குப் புரிய, ஒரு பிள்ளையிடம் காதுக்குள் ஒரு செய்தியைச் சொல்லி, இரண்டு நாள் கழித்து இன்னொருவரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வையுங்கள். இரண்டு நாளில் அந்த 'நாளை' கடந்து போயிருக்கும். அட்டவணை போட்டுப் பாடமாக்குவதைவிட இது மனதில் நிற்கும்.

தமிழ் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. 'அப்பா கொழும்பிலிருந்து வந்திருக்கிறார்' என்றால் வந்தார், இப்போதும் வீட்டில் இருக்கிறார். ஆங்கிலத்தின் 'ஹேஸ் கம்' கிட்டத்தட்ட அதேதான். 'இரு' இருக்கும் இடத்தில் 'ஹேவ்' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: தமிழில் 'நேற்று வந்திருக்கிறார்' என்று சொல்லலாம், ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்தால் 'ஹேஸ்' வெளியே போய்விட வேண்டும். அதேபோல 'ஆல்தோ'வும் 'பட்'டும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்காது. நாம் 'மழை பெய்தாலும், ஆனால் போனோம்' என்று தமிழில் சொல்வதில்லை, ஆங்கிலத்தில் மட்டும் எப்படியோ எழுதிவிடுகிறோம்.

செயப்பாட்டு வினைக்கு 'இராமன் மாம்பழத்தைத் தின்றான்' என்பதைத் திருப்பிப் போடுகிற பயிற்சியை விட்டுவிடுங்கள். மாம்பழம் இராமனால் தின்னப்பட்டது என்று இந்த உலகத்தில் யாரும் சொல்வதில்லை. செய்கிறவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில்தான் ஆங்கிலம் அதை இயல்பாகப் பாவிக்கிறது. அதற்கு உங்கள் பிள்ளைகளிடம் ஒரு சொத்து இருக்கிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கப்படுகிறது, மடுவத்தில் நிறுக்கப்படுகிறது, பெக்டரியில் வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, நொதிக்க விடப்படுகிறது, சூட்டில் காய வைக்கப்படுகிறது, சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. இதை ஆங்கிலத்தில் ஏழு வாக்கியமாக எழுத வையுங்கள். பெக்டரியில் வேலை செய்கிற அப்பாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். வெளியூர்ப் பிள்ளைக்கு இந்தப் பந்தி கடினம், உங்கள் பிள்ளைக்கு வீட்டுக் கதை.

இந்த இடத்தில் அதிபருடைய விஷயத்தையும் பேசிவிடுவோம். ஆங்கிலம் காதில் விழ வேண்டும் என்ற அவருடைய எண்ணம் நியாயமானது. 'உட்கார், எழுதிக்கொள், பக்கத்தைத் திருப்பு' எல்லாம் ஆங்கிலத்திலேயே போகட்டும். ஆனால் மேலே நான் சொன்ன எதையும் தமிழ் இல்லாமல் விளங்கப்படுத்த முடியாது. தமிழைத் தடை செய்தால் தமிழால் வரும் பிழை மறைந்துவிடாது, அதைப் பற்றிப் பேசும் வழிதான் அடைபடும். தமிழ் பேசினால் குற்றப்பணம் வாங்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. வாயைத் திறக்காத பிள்ளைக்குச் செலவே இல்லை, அப்படித்தான் முடியும். அதிபரோடு தர்க்கம் வேண்டாம். ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, அந்த 'எத்தனை வால்?' பாடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு, பிள்ளைகளிடம் ஆங்கிலமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடியிருக்கிற லயம் என்பது 'லைன்', காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டு என்பது 'பரேட்', அம்மா பெயர் ஏறுகிற செக்ரோல், டிவிஷன், பீல்ட், ஸ்டோர். பாட்டி ஆங்கிலம் பேசுகிறார் என்று ஒரு நாள் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், அரை மணித்தியாலத்துக்குச் சத்தம் அடங்காது.

இனி வாசித்து விளங்குதல். நீங்கள் எழுதியது போல முழு வரியைப் பார்த்து எழுதுவது ஒரு நோய். அதைவிடப் பெரிய நோய் வேறொன்று, நன்றாகச் செய்கிற பிள்ளைகளிடம்தான் அது இருக்கும். அதைக் காட்ட ஒரு பந்தி தருகிறேன். நீங்கள் தரம் 8 க்கு ஏற்ற எளிய ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். 1852 இல் இலங்கைக்கு வந்தார். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அப்போது மலைநாட்டின் முக்கியப் பயிர் கோப்பி. 1869 இல் கோப்பி இலைகளில் ஒரு நோய் காணப்பட்டது. அது தோட்டம் தோட்டமாகப் பரவியது. கோப்பியை இழந்தவர்கள் பலர் தேயிலைக்கு மாறினார்கள். டெய்லர் 1892 இல் இலங்கையிலேயே இறந்தார்.

எத்தனை ஏக்கர் என்று கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். 'அது தோட்டம் தோட்டமாகப் பரவியது' என்பதில் 'அது' எது என்று கேளுங்கள். இரண்டொருவர் கோப்பி என்பார்கள். அடுத்து, இலங்கைக்கு வந்து எத்தனை வருடத்துக்குப் பிறகு டெய்லர் இறந்தார்? நாற்பது என்ற எண் பந்தியில் எங்குமே இல்லை. இல்லாததைத் தேடித் தேடி ஒரு பிள்ளை 19 என்று எழுதும். கணக்குப் பார்த்தும் விடை எடுக்கலாம் என்று அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இப்போது பொறி: கோப்பி அழிந்துபோனதால்தான் டெய்லர் தேயிலை பயிரிட்டாரா? கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் ஆம் என்பார்கள். கோப்பி செத்தது, தேயிலை வந்தது என்ற கதையைச் வரலாற்றுப் பாடத்தில் கேட்டிருக்கிறார்கள். பந்தியைப் பார்த்தால் அவர் பயிரிட்டது 1867, நோய் தெரிந்தது 1869. இரண்டு வருடம் முந்தியே நட்டுவிட்டார். நோயால் மாறியவர்கள் மற்றவர்கள்.

கடைசியாக இன்னொன்று: அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார்? உங்கள் ஆறு பேரும் பேனையை வைக்காமல் எழுதுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்கள் என்று, ஒருவேளை அரைப் பக்கத்துக்கு. எழுதுவது உண்மைதான், அதை வெட்டும்போது எனக்கே கை தயங்கும். ஆனால் பந்தியில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. சரியான விடை, பந்தியில் சொல்லப்படவில்லை என்பதுதான். நம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்ட பந்திகள் நிறைய, அது வேறு கதை. அதைக் கட்டுரை வகுப்பில் எழுதட்டும்.

இந்தப் பழக்கத்துக்கு மருந்து ஒன்றுதான்: விரலை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடைக்கும் ஆதாரம் பந்தியில் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று பிள்ளை விரலை வைத்துக் காட்ட வேண்டும். வைக்க முடியாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் புள்ளி இல்லை. முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள். பிறகு ஒருவர் விடையை இன்னொருவர் மடக்கத் தொடங்குவார்கள், அதற்குப் பிறகு உங்களுக்கு வேலை குறைவு.

நீண்ட வாக்கியங்களில் அவர்கள் தடுமாறுவதும் தமிழால்தான். 'மாமாவுக்கு மாட்டை விற்ற ஆள் சுகமில்லாமல் இருந்தான்.' நம் மொழியில் விளக்கமெல்லாம் முன்னால் வந்துவிடும், 'ஆள்' என்பதும் 'சுகமில்லாமல் இருந்தான்' என்பதும் பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுகிறான், நடுவில் மாடும் மாமாவும், அதற்குப் பிறகு 'வாஸ் இல்'. பிள்ளை பக்கத்தில் நிற்கிற மாமாவைப் பிடித்து அவருக்குக் காய்ச்சல் கொடுத்துவிடும். 'ஹூ', 'விச்', 'தட்' கண்டால் அங்கிருந்து ஓர் அடைப்புக்குறியைத் திறந்து, விளக்கம் முடியும் இடத்தில் மூடச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசித்தால் சுகமில்லாதவன் யார் என்று தெரிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து வாக்கியம் இப்படிச் செய்தால் போதும்.

தெரியாத சொல் வந்தால் நின்றுவிடுவது இன்னொரு பழக்கம். நாம்தான் அதைப் பழக்கியிருக்கிறோம், ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்து எழுதிக் கொடுத்துக் கொடுத்து. ஒரு பந்தியில் மூன்று சொல்லை மையால் அழித்துவிட்டுக் கொடுங்கள். அழிந்த சொல் இல்லாமலே கேள்விகளுக்கு விடை சொல்ல முடிகிறது என்று அவர்களே பார்க்கட்டும். கேள்வியை முதலில் வாசிப்பதா பந்தியையா என்று ஆசிரியர்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. மெதுவாக வாசிக்கிற பிள்ளைகள் பந்தியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. கேள்வியை முதலில் பார்த்தால் அதிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடி, கண்ட இடத்தில் முழு வரியையும் அள்ளிக்கொண்டு வருவார்கள். உங்கள் பிரச்சினை தொடங்குவதே அங்கேதான்.

அந்த வரி அள்ளும் வழக்கத்துக்கு ஒரு விளையாட்டு: எந்த விடையும் ஏழு சொல்லுக்குள். ஏழைத் தாண்டினால் வெட்டு. இரண்டு வாரம் கழித்து, அந்த ஏழு சொல்லை முழு வாக்கியமாக்கப் பழக்குங்கள். கேள்வியில் 'டிட்' இருந்தால் விடை இறந்தகாலத்தில், 'ஒய்' என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், 'ஹூ' என்று கேட்டால் ஆளைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லித் தர வேண்டுமா என்று தோன்றும். திருத்திப் பார்த்தால் தெரியும்.

வாசிக்க என்ன கொடுப்பது? போட்டிக்கென்று எதுவும் வாங்க வேண்டாம். தரம் 6, 7 ஆங்கிலப் பாடப் புத்தகங்களை அலுமாரியிலிருந்து எடுங்கள். தரம் 9 பிள்ளைக்குத் தரம் 6 பந்தியா என்று முகம் சுளிப்பார்கள். தடங்கலில்லாமல் வாசிக்க முடிகிற பந்தியில்தான் வேகம் வரும், வேகம் வந்த பிறகுதான் கடினமான பந்தி. தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கட்டும். மிச்சத்துக்கு மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுக் கடதாசி, பால்மா பக்கற்றின் பின்பக்கம், பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. பால்மா பக்கற்றில் ஒரு கிளாசுக்கு எத்தனை தேக்கரண்டி என்று கேட்பதும் வாசித்து விளங்குதல்தான். போனில் எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: போன் தானாகத் திருத்துவது பெரும்பாலும் அமெரிக்க எழுத்துக்கூட்டல். 'கலர்' என்ற சொல்லில் அது விழுங்கும் 'யு'வை நாம் இங்கே எழுதுகிறோம்.

பழைய வினாத்தாள்களைக் கடைசி மூன்று வாரம் எடுங்கள். வாரம் ஒன்று போதும், ஆனால் மணிக்கூட்டை வைத்து. எழுதி முடித்த அடுத்த இரண்டு நாளும் அதே வினாத்தாளோடு இருங்கள், புதிதுக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிழைக் கொப்பி இருக்கட்டும். தான் விட்ட பிழையை ஒரு பக்கமும், அது எந்தத் தமிழிலிருந்து வந்தது என்பதை மறுபக்கமும் எழுதட்டும். போட்டிக்கு முதல் நாள் இரவு அந்தக் கொப்பியைத் தவிர வேறு எதையும் திறக்கக் கூடாது.

உங்கள் கடைசிக் கேள்வி, மற்றப் பிள்ளைகள். அந்த ஆறு பேரையும் தனியாக எடுத்து, பாடசாலை விட்ட பிறகு வைத்திருப்பது எனக்கும் அவ்வளவு பிடிக்காது. நாலு மணிக்குமேல் பனி இறங்கிவிடும், பஸ் போய்விடும், அம்மா மலையிலிருந்து வரும்வரை தம்பி தங்கையைப் பார்க்க வேண்டிய பிள்ளையும் அதில் இருக்கும். பயிற்சியில் முக்கால்வாசியை வழக்கமான பாடவேளைக்குள்ளேயே செய்யலாம். வால் எண்ணுவதும் விரல் வைப்பதும் முழு வகுப்போடு. ஆறு பேரையும் ஆறு குழுக்களுக்குள் பிரித்து வையுங்கள், தங்கள் குழுவின் வால்களைப் பிடிப்பது அவர்கள் பொறுப்பு. இன்னொருவனுக்கு விளங்கப்படுத்தும்போதுதான் தனக்கே விளங்குகிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததுதானே. தனி வகுப்பு என்று வேண்டுமானால் கடைசி மூன்று வாரம், வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணித்தியாலம். ஆறில் ஒருவர் வர முடியாமல் போனால் போடுவதற்கு வகுப்பில் இன்னும் இருவர் தயாராக இருப்பார்கள்.

போட்டி நாளைப் பற்றியும் ஒரு சொல். வலயத்துக்குப் போகிற வழியில் வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு மண்டபத்துக்குள் போய் உட்காருகிற பிள்ளைக்கு எந்த இலக்கணமும் நினைவில் வராது. வெறும் வயிற்றோடும் ஏற்ற வேண்டாம், பாலும் கொடுக்க வேண்டாம். கிரேக்கர் பிஸ்கட் இரண்டும் கொஞ்சம் இஞ்சித் தேநீரும் போதும். ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். ஆளுக்கு இரண்டு பேனை, ஒரு மணிக்கூடு, ஒரு ஸ்வெட்டர்.

திங்கட்கிழமை அரைப் பக்கங்களை வாங்கி எண்ணி முடித்ததும், பிழைகளின் பட்டியலை எனக்கு எழுதுங்கள். நான் இங்கே சொல்லாத ஒரு வகை அதில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தால், அதை மட்டும் எடுத்துத் தனியாகப் பேசுவோம்.